ராஜ்தூத் 350: இன்ஜின் கட்டியாயிற்று

யமஹா ஆர்.டி. 350 பைக்கின் இந்திய வடிவம்தான் என் ராஜ்தூத் 350. அதன் இரண்டு சிலிண்டரும் போரிங் (உட்சுவரைக் கடைந்து சீராக்குவது) முடிந்து லேத் பட்டறையிலிருந்து போன வாரம் வந்தன. நான் முதலில் கையில் எடுத்தது ரீட் வால்வைத்தான். இந்த வண்டியின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

யமஹாவின் முந்தைய 350, அதாவது ஆர்5, பிஸ்டன் போர்ட் வகை. பிஸ்டனின் கீழ்ப்பகுதியே கலவை வரும் வழியைத் திறந்து மூடும். வேகம் குறைந்தால் உள்ளே போன கலவையில் கொஞ்சம் கார்புரேட்டர் பக்கமே திரும்பிவிடும். 1973-ல் வந்த ஆர்.டி. 350-ல் அந்த வழியில் மெல்லிய எஃகு இதழ்களை வைத்தார்கள், அதுதான் ரீட் வால்வு. இன்ஜின் உறிஞ்சும்போது திறக்கும், எதிரழுத்தம் வந்ததும் தானே மூடிக்கொள்ளும். குறைந்த வேகத்திலும் இழுவை கிடைத்தது இதனால்தான். என் வண்டியின் இதழ்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வலது பக்கத்தில் ஒன்றில் மயிரிழை விரிசல். உடைந்து உள்ளே விழுந்திருந்தால் புது பிஸ்டனும் போயிருக்கும். மாற்றிவிட்டேன்.

அப்புறம் ஆட்டோலூப் பம்ப். யமஹா 1964-லேயே கொண்டுவந்த ஏற்பாடு இது. மற்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள்போல் பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லை. தனி டேங்கிலிருந்து பம்ப் ஆயிலை அனுப்பும். ஆக்சிலரேட்டர் கேபிள் இதிலும் இணைந்திருப்பதால், முறுக்க முறுக்க ஆயில் அளவும் கூடும். பம்பைக் கழற்றிவிட்டுக் கையால் கலந்து ஓட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு மனம் வரவில்லை, இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை ஏன் தூக்கிப்போட வேண்டும்? வெள்ளைச் சக்கரத்தை விரலால் சுற்றிச் சுற்றிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற முக்கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் பாதுகாப்புக்கு முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்தே ஊற்றினேன்.

பிரேக்கில்தான் அதிக நேரம் செலவழித்தேன். ஜப்பானில் இந்த வண்டிக்கு 39 குதிரைத் திறன், முன்னால் டிஸ்க். 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இதை ராஜ்தூத் 350 என்று இங்கே கொண்டுவந்தபோது திறனைக் குறைத்தார்கள்: எச்.டி. (ஹை டார்க்) வகையில் 30.5, பின்னால் வந்த எல்.டி.யில் (லோ டார்க்) 27. கூடவே டிஸ்க்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். அன்றைய நம் சாலைகளில் இந்த வேகம் யாருக்கும் பழக்கமில்லை. ஆர்.டி. என்றால் 'ரேபிட் டெத்' (விரைவுச் சாவு) என்று பெயர் வாங்கிய வண்டி இது. பழியை இன்ஜின் சுமந்தது. பிரேக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பேன்.

இந்த டிரம்மில், உள்ளே அழுத்திப் பிடிக்கும் இரண்டு பிரேக் ஷூவும் ஒரே நேரத்தில் பட வேண்டும். வெளியே இருக்கும் இணைப்புக் கம்பியின் நீளம் சரியில்லாவிட்டால் ஒன்றுதான் வேலை செய்யும். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது. ஷூக்களை டிரம்முக்கு ஏற்றபடி தேய்த்து, கம்பியை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி ஒருவழியாகச் சரிசெய்தேன். லீவர் இப்போது கெட்டியாக நிற்கிறது.

என்னுடையது 1986 எல்.டி. எச்.டி. சைலன்சர் போடச் சொல்கிறார்கள். போடப் போவதில்லை, வந்தபடியே இருக்கட்டும்.

ஞாயிறு காலை நான்காவது உதையில் வலது சிலிண்டர் பிடித்தது. இடதுக்குத் தனி பாய்ண்ட் (தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை), அதன் இடைவெளி கூடுதலாக இருந்தது. சரிசெய்து மறுபடி உதைத்ததும் இரண்டும் சேர்ந்து பாடின. தெரு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலுக்கே வந்துவிட்டார், "தம்பி, ராஜ்தூத்தா?" என்று.

இடது சைலன்சர் மூட்டில் ஆயில் கசிகிறது. கேஸ்கெட் வரவேண்டும்.