நிலைப்படி விளக்கு: 83 மில்லி ஆம்பியரிலிருந்து 46 மைக்ரோ ஆம்பியர் வரை

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அம்மாவுக்கு இரவில் பார்வை தடுமாறுகிறது. படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் ஓர் உயரமான நிலைப்படி. அதில் இரண்டு முறை கால் இடறிவிட்டது. கால் அருகே வந்ததும் தானாக எரியும் சிறு விளக்கைச் செய்து அங்கே பொருத்திவிட முடிவு செய்தேன். பக்கத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. ஆகவே மூன்று ஏஏ பேட்டரிகள்.

உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சாரைத்தான் முதலில் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடுதான் அதற்கு ஆதாரம். சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் எங்கள் வீட்டுச் சுவர் சுடும். அந்த நாட்களில் அது பாதி நேரம் அம்மாவைக் கண்டுகொள்ளவில்லை. தானே அகச்சிவப்பு ஒளியை வீசி, காலில் பட்டுத் திரும்புவதைப் பார்க்கும் சென்சார்தான் சரி என்று அதற்கு மாறினேன்.

கடையில் கிடைக்கும் எல்எம் 393 தடையறி பலகையை (அகச்சிவப்பு ஒளியால் எதிரில் இருப்பதை உணரும் பலகை) ஆர்டுவினோ யூனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகையுடன் இணைத்து அளந்தால் 83 மில்லி ஆம்பியர்! புதிய பேட்டரி மறுநாளே படுத்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் யூனோ பலகையே தின்றது. யுஎஸ்பி சில்லு, ரெகுலேட்டர், எந்நேரமும் எரியும் பச்சை விளக்கு எதுவும் எனக்குத் தேவையில்லை. யூனோவின் மூளையான ஏடிமெகா 328பி சில்லை மட்டும் தனியாகப் புள்ளிப் பலகையில் பற்றவைத்து, அதற்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் டைமர் 125 மில்லி நொடிக்கு ஒரு முறை எழுப்பும்படி உறங்க வைத்தேன். நொடிக்கு 8 முறை பார்த்தால் போதும். அம்மாவின் கால் நிலைப்படியில் அதைவிட நிதானமாகத்தான் ஊன்றும்.

மிச்சமிருந்தது அகச்சிவப்பு எல்இடி. இங்கேதான் நான் இரண்டு வாரம் தவறான வழியில் போனேன். எல்இடியின் மின்னோட்டத்தைக் குறைத்தால் செலவு குறையும் என்று ரெசிஸ்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். 5 மில்லி ஆம்பியரில் கால் தெரியவே இல்லை. கூடத்துக் குண்டு பல்பின் ஒளியில் திரும்பி வரும் ஒளி கரைந்துபோனது. பிறகுதான் உறைத்தது: பேட்டரிக்குச் செலவு என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி வருவது. சென்சாருக்கு வேண்டியதோ அந்த ஒரு கணத்தின் பிரகாசம். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கி நேரத்தைப் பாதியாக்கினால் பேட்டரிக்கு ஒரே செலவு. திரும்பி வரும் ஒளியோ இரு மடங்கு. ஆகவே எல்இடியை 100 மில்லி ஆம்பியருக்கு ஏற்றினேன். சில்லின் பின் (இணைப்பு முனை) அதைத் தாங்காது என்பதால் நடுவில் 2என்2222 டிரான்சிஸ்டர். திடீர் இழுப்பைச் சமாளிக்கப் பக்கத்தில் 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்.

இனி நேரத்தைக் குறைக்க வேண்டும். திரும்பி வரும் ஒளியை உணரும் ஒளி டிரான்சிஸ்டர் விடவில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் நண்பரிடம் இருந்தது. அதில் பார்த்தேன்: எல்இடி செங்குத்தாக எரிந்து அணைகிறது, டிரான்சிஸ்டரின் கோடு மேடேறும் மாட்டுவண்டிபோல மெல்ல எழுகிறது. 300 மைக்ரோ நொடி காத்திருந்தால்தான் நம்பத்தக்க எண் வந்தது. அதைக் கழற்றிவிட்டு பிபிடபிள்யூ 34 ஒளி டையோடைப் போட்டேன். அது தரும் சமிக்ஞை மிகச் சிறியது; மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கு, சில்லின் உள்ளிருக்கும் 1.1 வோல்ட் ஒப்பீட்டை வைத்தபோதும் காலுக்கு நாற்பது எண் அளவுதான் வித்தியாசம். ஆனால் சில மைக்ரோ நொடிகளில் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

அடுத்தது ஏடிசி. ஓர் அளவீட்டுக்கு அது 13 கடிகாரத் துடிப்புகள் எடுக்கும்; 125 கிலோஹெர்ட்ஸில் 104 மைக்ரோ நொடி. அதுவரை எல்இடியை எரியவிட்டுக்கொண்டிருந்தேன். டேட்டாஷீட்டை மறுபடி படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது: உள்ளே வரும் மின்னழுத்தத்தை அது பிடித்து வைத்துக்கொள்வது முதல் ஒன்றரைத் துடிப்பில், அதாவது 12 மைக்ரோ நொடியில். மற்ற நேரமெல்லாம் பிடித்ததை எண்ணாக்கும் வேலை. அதற்கு எல்இடி எதற்கு? பிடித்ததும் அணைத்துவிட்டேன். எரியும் நேரம் மொத்தம் 20 மைக்ரோ நொடி. நொடிக்கு 8 முறை எரிந்தாலும் சராசரி 16 மைக்ரோ ஆம்பியர்தான். எல்இடி அணைந்திருக்கும்போது முன்னும் பின்னும் ஒவ்வோர் அளவு எடுத்து அவற்றின் சராசரியைக் கழிப்பதால் குண்டு பல்பின் தொல்லையும் தீர்ந்தது.

இவ்வளவு சிறிய, துடித்துத் துடித்து ஓடும் மின்னோட்டத்தை என் மல்டிமீட்டர் நேராக அளக்கவில்லை. 4700 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை 4.5 வோல்ட்டுக்கு ஏற்றி, பேட்டரியைக் கழற்றி, 4 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நொடி என்று பார்த்தேன். சரிபார்க்க முதலில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டினேன். கணக்குப்படி வரவேண்டிய 55 நொடி அப்படியே வந்தது. ஆனால் என் சுற்று 30 நொடியிலேயே இறக்கிவிட்டது. அதாவது 78 மைக்ரோ ஆம்பியர். என் கணக்கைவிட மிக அதிகம்.

காரணம் எல்இடியே இல்லை, சில்லுக்குக் கடிகாரத் துடிப்பு தரும் படிகம். 8 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் நிலைபெற ஏறக்குறைய 16 ஆயிரம் துடிப்புகள், அதாவது இரண்டு மில்லி நொடி எடுக்கிறது. 20 மைக்ரோ நொடி வேலைக்கு அதைப்போல நூறு மடங்கு காத்திருப்பு. சில்லின் ஃபியூஸ் என்ற அமைப்பு பிட்டுகளை மாற்றி, உள்ளிருக்கும் ஆர்சி கடிகாரத்துக்குப் போனேன். அது ஆறு துடிப்பில் தயார். இப்போது 51 நொடி, 46 மைக்ரோ ஆம்பியர். அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

பகலில் விளக்குத் தேவையில்லை. ஜன்னல் வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் அதே ஒளி டையோடே பகலைச் சொல்லிவிடும். அப்போது 8 நொடிக்கு ஒரு முறைதான் விழிக்கிறது. ஆனால் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு இருப்பதால் அதைப் பகல் என்று எண்ணிவிடலாம்; எல்இடி பல்பில் அது அநேகமாக இல்லை. அதனால் கூடத்து பல்பையும் எல்இடியாக மாற்றிவிட்டேன்.

இவ்வளவு பாடுபட விரும்பாதவர்கள் விஷேயின் விசிஎன்எல் 4010 போன்ற சில்லை வாங்கலாம். எல்இடி, டையோடு, சுற்றுப்புற ஒளியைக் கழிக்கும் வேலை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. எல்இடி மின்னோட்டத்தை 10 முதல் 200 மில்லி ஆம்பியர் வரை நாமே வைக்கலாம்.

இப்போது விளக்கின் முறை. 20 மில்லி ஆம்பியரில் ஒரு தடவைக்கு 20 நொடி, இரவில் நான்கு தடவை எரிந்தால் நாள் சராசரி 18.5 மைக்ரோ ஆம்பியர் ஆகிறது. பாதிப் பிரகாசமே போதும் என்று அம்மா சொல்கிறார். இந்த வாரம் அதை 10க்கு இறக்கி, அவர் நடந்து பார்த்த பிறகு முடிவு செய்ய இருக்கிறேன்.