ஒரு ரன்னும் இரண்டு ரன்னும்

2025 பிப்ரவரியில் கேரள அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதிப்போட்டிக்குப் போன விதத்தைப் பற்றி, கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்தில் எழுந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. காலிறுதியின் முதல் இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை, அரையிறுதியில் அதேபோல் இரண்டு ரன் முன்னிலை, ஆகவே அது அதிர்ஷ்டம் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் என்பது எல்லைக்கு அந்தப்பக்கத்து உறவினர்களின் கட்சி. அந்த இரு ஆட்டங்களையும் பந்துக்குப் பந்து கைப்பேசியில் பார்த்தவன் என்ற முறையில், அந்த மூன்று ரன்களைப் போல உழைத்துச் சம்பாதித்த ரன்கள் அண்மைக்கால ரஞ்சி ஆட்டங்களில் அரிது என்பது என் கட்சி. நேரில் பேசும்போது குரல்கள் உயர்ந்து கணக்குகள் கலைந்துபோகின்றன என்பதால், என் பக்கத்து நியாயத்தை இங்கே முறையாக எழுதி வைக்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி சாலையில் போனால் கோபாலபுரத்தில் மாநிலம் மாறும், மொழி மாறாது. நாங்கள் தமிழ்வழியில் படித்தவர்கள், வாக்களிப்பது திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்துக்கு, பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவுப் பக்கம். கிரிக்கெட்டில் எந்த அணி நம் அணி என்ற கேள்விக்கு எங்கள் அப்பாக்களின் தலைமுறையில் ஒரே விடைதான் இருந்தது. கேரளத்துக்குக் கால்பந்து, தமிழ்நாட்டுக்குக் கிரிக்கெட் என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். சந்தோஷ் கோப்பையைக் கேரளம் ஏழு முறை வென்றிருப்பதையும் தமிழ்நாடு ஒருமுறைகூட வெல்லாததையும், ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாடு 1954-55இலும் 1987-88இலும் வென்றிருப்பதையும் கேரளம் இன்றுவரை தொடாததையும் பார்த்தால், அந்தப் பிரிவினையில் பிழையொன்றும் இல்லை. ஆனால் பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் 2007இல் சர்வீசஸ் அணிக்கு எதிராக ஸ்ரீகுமார் நாயர் ஆட்டமிழக்காமல் 306 ரன்கள் எடுத்த காலத்திலிருந்தே என் வயதுக்காரர்களில் சிலர் அந்தப் பிரிவினையை ஏற்க மறுத்துவிட்டோம். நம் மாவட்டத்து மண்ணில் ஒருவர் முச்சதம் அடித்த பிறகும் அந்த அணியை அடுத்தவர் அணியாக எப்படி நினைப்பது?

எதிர்க்கட்சியின் வாதத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனைமலையில் இருக்கும் என் தாய்மாமாதான் அந்தக் கட்சியின் தலைவர். "ஒரு ரன்னுல செமி ஃபைனல், ரெண்டு ரன்னுல ஃபைனல். அதுலயும் ஒரு விக்கெட்டு ஹெல்மெட்டுல பட்டு வந்தது. இதுக்குப் பேரு அதிர்ஷ்டம் இல்லாம வேற என்னங்க மாப்ள?" என்பது அவருடைய கேள்வி. நாக் அவுட் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தால் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணி மேலே போகும் என்ற விதியையே அவர் ஒப்புவதில்லை. அந்த விதியால் அடிபட்ட நினைவு அவருக்கு உண்டு. 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப்போட்டியில் ராஜஸ்தான் 621 ரன்களைக் குவித்து, தமிழ்நாட்டை 295க்குச் சுருட்டி, மிச்ச நாட்களை ஓட்டிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. ஆனால் 326 ரன் பின்தங்கியதற்கு விதியைக் குறை சொல்ல இடமில்லை என்பதையும் அவரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது புனேயில் நடந்த காலிறுதிக்கு வருகிறேன். ஜம்மு காஷ்மீர் முதலில் 280 ரன்கள் எடுத்தது. பதிலுக்கு ஆடிய கேரளத்தின் வரிசையை ஆகிப் நபி ஆறு விக்கெட்டுகள் எடுத்துச் சிதைத்துவிட, 200 ரன்களில் ஒன்பதாவது விக்கெட்டும் போயிற்று. இன்னும் 81 ரன் வேண்டும், கையில் இருப்பது ஒரே விக்கெட், எதிர்முனையில் பந்துவீச்சாளர் பாசில் தம்பி. அந்த நிலையில் சல்மான் நிசார் செய்ததை மட்டும் ஒருவர் முழுவதுமாகப் பார்த்திருந்தால் அதிர்ஷ்டம் என்ற சொல் அவர் வாயில் வந்திருக்காது. ஓவரின் தொடக்கப் பந்துகளில் களத்தடுப்பாளர்கள் எல்லைக்கோட்டருகே விரிந்து நிற்கும்போது ஒற்றை ரன்னை மறுத்துவிட்டு, அடிக்க வேண்டிய பந்தைத் தூக்கி அடித்து, ஓவரின் கடைசியில் ஒற்றை ரன் எடுத்து மறுமுனைக்குப் போய், அடுத்த ஓவரையும் தானே எதிர்கொள்ளும் அந்த வேலையை மணிக்கணக்கில் பிசகாமல் செய்ய வேண்டும். தம்பி தன் பங்குக்குத் தடுத்து நின்றார். அந்தக் கடைசி விக்கெட் இணை 81 ரன்களைச் சேர்த்தது, கேரளம் 281, சல்மான் ஆட்டமிழக்காமல் 112. ஒரு ரன் என்பது ஸ்கோர் அட்டையில் மிஞ்சிய வித்தியாசம் மட்டுமே. உண்மையில் அவர்கள் கடந்தது 81 ரன் தூரம்.

அத்தோடு ஆட்டம் முடிந்துவிடவும் இல்லை. இந்த இடத்தை மாமாவின் கட்சிக்காரர்கள் எப்போதும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜம்மு காஷ்மீர் இரண்டாவது இன்னிங்ஸில் 399 ரன்களுக்கு ஒன்பது விக்கெட் என்ற நிலையில் இன்னிங்ஸை முடித்துக்கொள்வதாக அறிவித்து, கடைசி நாளில் கேரளத்தின் ஆறு விக்கெட்டுகளை 180 ரன்களில் வீழ்த்தியும் விட்டது. மிச்ச நான்கும் போயிருந்தால் அந்த ஒரு ரன் முன்னிலைக்கு ஒரு மதிப்பும் இல்லை. அப்போது அதே சல்மான் நிசார் 162 பந்துகளை எதிர்கொண்டு 44 ரன் மட்டும் எடுத்து நின்றார். உடன் நின்ற முகமது அசாருதீன் 118 பந்துகளில் 67. இருவரையும் பிரிக்க முடியாமல் ஆட்டம் 295க்கு ஆறு விக்கெட் என்று முடிந்தது. முதல் இன்னிங்ஸில் அடித்து ஆட வேண்டியிருந்தபோது அடித்தவர், இரண்டாவதில் நிற்க வேண்டியிருந்தபோது நின்றார். ஒரே ஆட்டத்தில் ஒரே மனிதர் இப்படி இரண்டு விதமாக ஆடியதை நான் அதற்குமுன் கண்டதில்லை. இதைப் பற்றி யார் கேட்டாலும் எவ்வளவு நேரமானாலும் பேசுவேன்.

அகமதாபாத்தில் நடந்த அரையிறுதியிலும் கணக்கு அப்படித்தான். கேரளம் 187 ஓவர்கள் நின்று 457 ரன்கள் எடுத்தது. அசாருதீன் ஆட்டமிழக்காமல் 177. பார்க்கச் சலிப்பாக இருந்தது என்று கோயம்புத்தூர் நண்பர்கள் சொன்னார்கள். நான்காம் நாள் முடிவில் குஜராத் 429க்கு ஏழு. இன்னும் 29 ரன் எடுத்தால் முன்னிலை அவர்களுக்கு, கையில் மூன்று விக்கெட்டுகள். கடைசி நாள் காலையில் அந்த மூன்றையும் ஆதித்ய சர்வதே எடுத்தார். ஜெய்மீத் படேல் கிரீஸ் கோட்டைத் தாண்டி வெளியே இழுக்கப்பட்டு ஸ்டம்பிங் ஆனார், அடுத்தவர் எல்பிடபிள்யூ, கடைசியாக நாக்வஸ்வாலா ஓங்கி அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் மோதி எழும்பி, முதல் ஸ்லிப்பில் கேப்டன் சச்சின் பேபியின் கைகளில் விழுந்தது. குஜராத் 455. ஹெல்மெட்டில் பட்டது தற்செயல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்தாவது ஆட்டக்காரர் வெறியோடு மட்டையைச் சுழற்றும்போது நாலடி தூரத்தில் ஒரு ஆளை நிறுத்துவது கேப்டனின் முடிவு. அங்கே கண்ணை மூடிக்கொள்ளாமல் நிற்பது அந்த ஆளின் துணிவு. அங்கே யாரும் நின்றிராவிட்டால் பந்து எதன்மீதும் பட்டிருக்காது, எல்லைக்கோட்டுக்குத்தான் போயிருக்கும்.

வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக விடப்பட்டதா என்பதை எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதி விவசாயிகள் தலைமடையில் நின்று பார்ப்பதில்லை, கடைமடையில்தான் பார்ப்பார்கள். ஒரு ரஞ்சி அணியையும் அப்படிக் கடைசி மூன்று விக்கெட்டுகளில் அளக்க வேண்டும் என்பதே இத்தனைக்கும் பின்னால் நான் சொல்ல வருவது. நம்முடைய கடைசி மூன்று விக்கெட்டுகள் எவ்வளவு சேர்க்கின்றன, எதிரணியின் கடைசி மூன்று விக்கெட்டுகளுக்கு நாம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஆண்டின் காலிறுதியிலும் அரையிறுதியிலும் கேரளம் சரியான விடை வைத்திருந்தது.

தமிழ்நாட்டின் நிலையை இதே அளவுகோலால் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி இல்லை. அதுவும் எங்கள் அணிதான். பாதி வீடு அந்தப்பக்கம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் நடந்த காலிறுதியில் சௌராஷ்டிரத்தை இன்னிங்ஸும் 33 ரன்களும் வித்தியாசத்தில் சாய்த்தபோது, இந்தமுறை கோப்பை வந்துவிடும் என்று எல்லைக்கு இருபுறமும் நம்பினோம். அடுத்து மும்பையில் அரையிறுதி. முதலில் ஆடிய தமிழ்நாடு 146க்குச் சுருண்டது உண்மை, ஆனால் அதற்குப் பிறகும் ஆட்டம் கையில்தான் இருந்தது. சாய் கிஷோரின் சுழலில் மும்பை 106க்கு ஏழு விக்கெட்டுகளை இழந்து தள்ளாடியது. அங்கிருந்து சர்துல் தாக்கூர் 109 ரன்களும், தனுஷ் கோட்டியன் ஆட்டமிழக்காமல் 89 ரன்களும் எடுக்க, மும்பை 378 வரை போய்விட்டது. கடைசி மூன்று விக்கெட்டுகளுக்கு 272 ரன்கள்! தமிழ்நாடு இன்னிங்ஸும் 70 ரன்களும் வித்தியாசத்தில் தோற்றது. டாஸ் வென்று முதலில் ஆடியதுதான் தவறு என்று அன்று பலரும் பேசினார்கள். பயிற்சியாளரே வெளிப்படையாக அதைச் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. அந்த ஆட்டம் காலை டாஸில் தோற்றதல்ல, 106க்கு ஏழு என்ற நிலைக்குப் பிறகு தோற்றது.

திறமையில் தமிழ்நாட்டுக்குக் குறையில்லை. சென்னையின் லீக் ஆட்டங்களைப் போல ஒழுங்கான, பணமும் போட்டியும் நிறைந்த லீக் நாட்டில் மிகச் சில இடங்களில்தான் உண்டு; டிஎன்பிஎல் என்ற இருபது ஓவர் போட்டி ஆண்டுதோறும் புதிய முகங்களைக் கொண்டுவருகிறது. ஆனால் இருபது ஓவர் ஆட்டத்தில் எட்டாவதாக இறங்குபவர் பத்துப் பந்துகளுக்குத் தயாரானால் போதும். நான்கு நாள், ஐந்து நாள் ஆட்டத்தில் அவர் இரண்டு மணி நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பைத் தமிழ்நாட்டின் பின்வரிசையில் நான் காணவில்லை. 2025 காலிறுதியில் நாகபுரியில் விதர்பாவிடம் 198 ரன் வித்தியாசத்தில் தோற்றபோதும் முதல் இன்னிங்ஸிலேயே 128 ரன் பின்தங்கியிருந்தது.

விதர்பா என்ற பெயர் வந்தவுடன் எங்கள் வாதங்களில் இரு கட்சியும் ஒன்றாகிவிடும். 2017-18 காலிறுதியில் கேரளத்தை வீழ்த்தியது விதர்பா. 2018-19 அரையிறுதியில் வயநாட்டுக் கிருஷ்ணகிரி மைதானத்தில், கேரளத்தின் சொந்த மண்ணிலேயே, உமேஷ் யாதவ் பன்னிரண்டு விக்கெட்டுகள் எடுத்து 106க்கும் 91க்கும் அணியைச் சுருட்டியதும் விதர்பாவுக்காகத்தான். 2025இல் ஒரே மாதத்துக்குள் தமிழ்நாடு, கேரளம் இரண்டின் கதையையும் அதே அணி முடித்தது. அதிலும் கருண் நாயர்! பெற்றோர் வழியில் மலையாளி, ஆடி வளர்ந்தது கர்நாடகத்தில், அப்போது ஆடியது விதர்பாவுக்கு. 2015 இறுதிப்போட்டியில் கர்நாடகத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு எதிராக 328 ரன்கள் அடித்தவர், 2025 காலிறுதியில் அதே தமிழ்நாட்டுக்கு எதிராக 122, இறுதியில் கேரளத்துக்கு எதிராக 86, 135. அடுத்த பருவத்தில் அவர் கர்நாடகத்துக்கே திரும்பினார். மாமாவும் நானும் மனமொத்துப் பேசும் ஒரே ஆட்டக்காரர் அவர்தான்.

நாகபுரி இறுதிப்போட்டியைப் பற்றிக் கேரளக் கட்சிக்குள்ளேயே சண்டை இருக்கிறது. விதர்பா 379 ரன்கள் எடுத்திருந்தது. கேரளம் 324க்கு ஆறு என்று நல்ல நிலையில் இருந்தபோது, 98 ரன்களில் நின்ற சச்சின் பேபி பந்தைத் தூக்கி அடித்து எல்லைக்கோட்டருகே பிடிபட்டார். அந்த ஒரு அடியால் கோப்பை போயிற்று என்று எங்கள் ஊரில் பெரும்பான்மையோர் இன்றும் சொல்கிறார்கள். இந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன். அவ்வளவு தூரம் அணியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் போன பிறகும் மூன்று விக்கெட்டுகளும் 55 ரன்களும் மிச்சம் இருந்தன, வந்தது 18. கேரளம் 342, விதர்பாவுக்கு 37 ரன் முன்னிலை. இரண்டாவது இன்னிங்ஸில் கருண் நாயர் 31 ரன்களில் இருந்தபோது ஸ்லிப்பில் வந்த கேட்ச் நழுவியது. ஆட்டம் டிரா ஆக, கோப்பை விதர்பாவுக்குப் போயிற்று. புனேயில் நிகழ்ந்தது அதிர்ஷ்டம் அல்ல என்று சொல்லும் நான், நாகபுரியில் நிகழ்ந்ததைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. எந்தப் பின்வரிசை கேரளத்தை இறுதிக்குக் கொண்டுவந்ததோ, அதே பின்வரிசை இறுதியில் நிற்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத அணி கோப்பையில்லாமல் திரும்பியதற்கு அதுவே காரணம்.

இதற்கிடையில் கேரளத்தின் சஞ்சு சாம்சன் 2025 நவம்பரில் ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்துவிட்டார், ஜடேஜாவும் சாம் கரணும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போனார்கள். அதைப் பற்றிய வாதம் எங்கள் பக்கம் சில நாட்களிலேயே அடங்கிவிட்டது. மஞ்சள் சட்டையில் ஒரு விழிஞ்ஞத்துக்காரர் என்பதில் இரு கட்சிக்கும் மனநிறைவுதான். ரஞ்சி வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. மேலே எழுதிய கணக்குகளையெல்லாம் மாமாவிடம் வரிசையாகச் சொன்ன பிறகு, அவர் புனே ஆட்டத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார். அகமதாபாத்தை இன்னும் விடவில்லை.