அந்த 6 இலக்கத்தை யாருக்கும் தராதீர்கள்

"அக்கா, என் கோட் தவறிப்போய் உங்க நம்பருக்கு வந்திருச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்." தெரிந்தவர் பெயரிலேயே வாட்ஸ்அப்பில் இப்படி வரும். அனுப்பாதீர்கள். கேட்பவர் உங்கள் எண்ணில் உள்ள வாட்ஸ்அப்பைத் தன் போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறார். உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் வந்த அந்த 6 இலக்கக் குறியீடுதான் உங்கள் கணக்கின் சாவி. தெரிந்தவரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். வாட்ஸ்அப்பில் பதில் போடாமல், சாதாரண அழைப்பில் அவரிடம் சொல்லுங்கள்.

கொடுத்துவிட்டீர்களா? உடனே உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் புதுக் குறியீட்டைப் போடுங்கள். திருடியவர் வெளியேற்றப்படுவார். நீங்கள் வைக்காத பின் நம்பரைக் கேட்டால், அது அவர் வைத்தது. அது இல்லாமல் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இருபடிச் சரிபார்ப்பை (குறியீட்டோடு பின் நம்பரும் கேட்கும் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்') நீங்களே முந்திக்கொண்டு போட்டுவிடுவது நல்லது: செட்டிங்ஸ், அக்கவுன்ட் போனால் இருக்கிறது. பிறந்த தேதியைப் பின் நம்பராக வைக்காதீர்கள். திருடியவர் உங்கள் பெயரில் கேட்டு யாராவது பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், இந்தியாவில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அந்த நிமிடமே அழைக்கச் சொல்லுங்கள்; தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிவிடும்.

இன்னொன்று. கேட்காமல் யாரையும் குழுவில் சேர்க்காதீர்கள். முன்பின் தெரியாத இருநூறு பேருக்கு அவருடைய எண் போய்ச் சேர்கிறது. பெண்களுக்கு நள்ளிரவு 'ஹாய்' வரத் தொடங்குவது இப்படியும்தான்.