ஊருக்குத் திரும்புகிறவர் பெட்டியில் என்ன வைக்கலாம்?

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், வந்த முதல் வாரத்திலேயே இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள். பெட்டி கட்டும் நாளில் சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

பாரிஸில் இருக்கும் அக்கா குடும்பம் லீவுக்கு ராயபுரம் வந்திருந்தது. பூஜை அறையில் இருந்த பித்தளைப் பாவை விளக்கை அம்மா அக்காவிடம் கொடுத்து, "பாட்டி காலத்துது, நீயே வச்சுக்கோ" என்றார். அந்தப் பாட்டி காலம் எது என்பதுதான் கேள்வி. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வயதுக்குக் குறையாத விளக்கு, சிலை, நாணயம் எதையும் தனி ஆள் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

அவ்வளவு பழசு இல்லையென்றால், தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கலாம். அதற்காகப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள தொல்லியல் துறை அலுவலகத்துக்குப் போனோம். விண்ணப்பம், அடையாளச் சான்று, பல பக்கமிருந்து எடுத்த போட்டோக்கள், கூடவே விளக்கு. பரிசோதித்தவர் பாவையின் அழகில் மயங்கவில்லை. விளக்கைக் கவிழ்த்து, தண்டும் பீடமும் சேரும் மரையை விரலால் தடவினார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். "மெஷின்ல வெட்டின மரைம்மா, அவ்வளவு பழசு இல்ல" என்றார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தாத்தாவின் வைத்திய ஓலைச்சுவடியையும் அக்கா கேட்டாள். வரலாற்று, அறிவியல், இலக்கிய மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டே போதும், தொல்பொருளாகிவிடும். அதனால் ஏடு ஏடாகப் போட்டோ எடுத்துக்கொடுத்தேன். சுவடி இங்கேயே இருக்கிறது. அது இங்கே இருப்பதுதான் நியாயம் என்றும் நினைக்கிறேன்.

பிள்ளைகள் விஷயம் வேறு. காசிமேட்டில் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், வலையில் சிக்கிக் காய்ந்துபோன கடல் விசிறி ஒன்றைப் பாசமாக என் அக்கா மகனிடம் நீட்டினார். செடி மாதிரி இருந்தாலும் அது உயிரினங்கள் சேர்ந்து கட்டிய கூடு. கடல் விசிறி, பவளப்பாறை, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. செத்துக் காய்ந்ததற்கும் அதே சட்டம்தான். அவரிடமே விவரம் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம், அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். மயிலிறகு விசிறியும் வீட்டிலேயே நின்றது. தானாக உதிர்ந்த இறகை இங்கே வைத்திருக்கலாம், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது.

சரி, நடைமுறைக்கு ஒன்று: பொருளைப் பரிசோதிக்கும் நாள் எது என்று முதலிலேயே கேட்டு, டிக்கெட் தேதிக்கு முன்னால் போதிய இடைவெளி விடுங்கள். சான்றிதழைக் கைப்பையில் வையுங்கள். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி அதைத்தான் முதலில் கேட்டார். போட்டோவையும் விளக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.