வெள்ளவத்தையிலிருந்து கினிகத்தேனை வரை: 86உம் பிஆர்இசட்டும் பிரியும் இடங்கள்

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டும் ஜப்பானின் குன்மாவில் ஒரே சுபாரு தொழிற்சாலையில் உருவாகின்றவை. ஒரே உடல், ஒரே பொக்சர் எஞ்சின் (சிலிண்டர்கள் கிடையாக எதிரெதிரே இருப்பது), சஸ்பென்ஷனில் முன்னால் மக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் டபுள் விஷ்போன். கொழும்பில் பலர் இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது சரியில்லை. ஸ்பிரிங்கின் விறைப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுத்த விதத்தில் இரண்டு கம்பெனிகளும் வேறு வேறு முடிவு எடுத்தன. அந்த முடிவை உணர ரேஸ் தடம் வேண்டாம். வெள்ளவத்தையில் கிளம்பி லிப்டன் சுற்றுவட்டம், நாரஹேன்பிட்டி, ஹைலெவல் வீதி, கொட்டாவை, பிறகு அவிசாவளை வழியாகக் கினிகத்தேனை வரை போகும் ஒரு நாள் பயணம் போதும். இரண்டு காரையும் அடுத்தடுத்து ஓட்டக் கிடைத்தால் இன்னும் நல்லது.

புறப்படுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவே சரியானது; 35 பிஎஸ்ஐக்கு அருகில்தான் இருக்கும். முன்னும் பின்னும் 3 பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே இந்தக் கார்களின் குணம் மாறிவிடும். பிறகு நீங்கள் ஒப்பிடுவது காற்றை, காரை அல்ல. வீல் நட் 120 நியூட்டன் மீட்டர். மரைன் டிரைவ் பக்கம் இரவில் நிறுத்தி வைக்கும் கார் என்றால் அடிப்பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கடல் காற்றின் உப்பு முதலில் கடிப்பது பின் டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) திருத்தும் எக்சென்ட்ரிக் போல்ட்டை. அது ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்ளே உள்ள இரும்புக் குழாயோடு துருவேறி ஒட்டிக்கொண்டால் எந்த எலைன்மென்ட் மெஷினும் உதவாது. போல்ட்டை வெட்டி எடுத்து, புஷ்ஷோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டிவரும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் போட்டுப் பூட்டினால் இந்தச் செலவே வராது.

லிப்டன் சுற்றுவட்டத்துக்குக் காலையில் ஆறு மணிக்கு முன் போய்விடுங்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள்; ஆகவே சுற்றுவட்டத்தில் கார் எப்போதும் வலது பக்கம்தான் திரும்பும், பாரம் இடது டயர்களில் விழும். 35, 40 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டாம் கியரில், ஸ்டியரிங்கை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு அக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள். முதல் தலைமுறை பிஆர்இசட்டில் மூக்கு கொஞ்சம் உள்ளே வரும், அவ்வளவுதான். 86இல் மூக்கோடு சேர்ந்து பின்பக்கமும் சுழலத் தொடங்குவது இடுப்பில் தெரியும்.

காரணம் எளிது. டயரின் மேல் பாரம் இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாகாது. அதைவிடக் குறைவாகவே கூடும். அதனால் எந்த அச்சில் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு அதிக பாரம் மாறுகிறதோ, அந்த அச்சு முதலில் வழுக்கும். சுபாரு முன் ஸ்பிரிங்கை டொயோட்டாவைவிட விறைப்பாகவும் பின்னதை டொயோட்டாவைவிட மென்மையாகவும் வைத்தது. ஆகவே முன் டயர்கள் முதலில் களைக்கும், கார் வெளியே தள்ளும், ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைக்கும். டொயோட்டா அதைத் தலைகீழாக்கியது. 2016இல் வந்த திருத்தப்பட்ட மாடல்களில் ஸ்பிரிங், டேம்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷொக்) இரண்டையுமே மாற்றினார்கள். அதனால் பழைய 86ஐயும் புதிய பிஆர்இசட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முடிவு குழம்பும்.

இரண்டாம் தலைமுறையில் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. பிஆர்இசட்டின் முன் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன், பின் 35. அதே தலைமுறையின் 86ஆன ஜிஆர்86இல் முன் 28, பின் 39. முடக்கில் கார் சாய்வதைக் குறைக்கும் பின் ஸ்டெபிலைசர் பார் பிஆர்இசட்டில் 14 மில்லிமீட்டர், ஜிஆர்86இல் 15. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கக்கூடாது: முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும், ஆகவே மற்றதெல்லாம் சமமாக இருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 32 சதவீதம் விறைப்பு ஏறுகிறது. முன் பார் சுபாருவில் 18.3 மில்லிமீட்டர், உள்ளே வெறுமை. டொயோட்டாவில் 18 மில்லிமீட்டர், திண்மம். பின் பாரை சுபாரு நேரே உடலில் பூட்டுகிறது, டொயோட்டா சப்ஃப்ரேமில் (சஸ்பென்ஷனைத் தாங்கும் தனிச் சட்டம்) பூட்டுகிறது. சக்கரத்தைத் தாங்கும் முன் நக்கிள் சுபாருவில் அலுமினியம், டொயோட்டாவில் இரும்பு. 2021 ஜூலையில் பிஆர்இசட் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஜிஆர்86 ஒக்டோபரில்தான் வந்தது.

நாரஹேன்பிட்டி ரயில் கடவையில் இந்த எண்கள் உடம்பில் ஏறும். தண்டவாளத்தைக் கடக்கும்போது ஜிஆர்86இன் பின்பக்கம் ஒருமுறை துள்ளி நிற்கும். பிஆர்இசட் அதே மேட்டை விழுங்கிவிட்டுப் போகும். துள்ளல் இரண்டாவது தடவையும் வந்தால் அது ஸ்பிரிங்கின் குணம் அல்ல, டேம்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். முன்னால் டொக் டொக் என்று கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் ஸ்ட்ரட் மவுண்டையும் பாருங்கள். நம் வீதிகளில் குழிகள் பெரும்பாலும் இடது ஓரத்தில்தான். இடது முன் பக்கம்தான் முதலில் சத்தம் போடும்.

கொட்டாவையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி கெலனிகம வரை போய்த் திரும்பினால் போதும். 100 கிலோமீட்டர் எல்லைக்குள் இரண்டும் நேராகவே ஓடும். பாலங்களின் இணைப்புகளில் மட்டும் ஜிஆர்86 கொஞ்சம் தட்டும். கார் தானாக ஒரு பக்கம் இழுத்தால் எலைன்மென்ட்டையும் டயரையும் பார்க்க வேண்டும்.

உண்மையான இடம் அவிசாவளைக்கு அப்பால், கித்துல்கலயிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் முடக்குகள். மழை அதிகம், வீதி குறுகல், எதிரே ஹட்டன் பஸ்கள் நடுக்கோட்டில் வரும். கார் வழுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பான விஎஸ்சியை அணைக்கவே கூடாது. பின்பக்கத்தை வழுக்கவிட்டுப் பார்க்கும் இடமும் இது அல்ல. வழுக்குவதற்கு வெகு முன்னாலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். முடக்கில் நுழையும் முன் நேர்க்கோட்டிலேயே பிரேக்கை முடித்துவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும் அந்த முதல் கணத்தைக் கவனியுங்கள். பிஆர்இசட்டில் மூக்கு உடனே பதில் சொல்லும், உடல் அதன் பின்னால் அமரும். ஜிஆர்86இல் மூக்கு ஒரு இழை தாமதித்து, பிறகு கார் முழுவதும் ஒன்றாகச் சுழலும். ஈரத்தில் நடு முடக்கில் பயந்து காலை எடுத்தால் பிஆர்இசட் மன்னிக்கும்; 86இல் அதே பழக்கம் ஆபத்து. மலையில் அடிக்கடி ஓடுகிறவர், ஸ்போர்ட்ஸ் கார் இதுதான் முதல் முறை என்பவர், பிஆர்இசட்டை எடுப்பதே நல்லது. எங்கள் கைக்குப் பிடித்தது ஜிஆர்86தான், ஆனால் அதற்கு வலது கால் பக்குவப்பட்டிருக்க வேண்டும்.

எஞ்சினும் இதில் கைவைக்கிறது. முதல் தலைமுறை 2.0 லீட்டரின் 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 6,400 சுழற்சிக்கு மேல்தான் வரும். 3,500க்கும் 4,500க்கும் இடையில் ஒரு சோர்வும் உண்டு. முடக்கை விட்டு வெளியேறும்போது பின் டயர்களை அது பெரிதாகச் சோதிப்பதில்லை. இரண்டாம் தலைமுறையின் 2.4 லீட்டரில் 250 நியூட்டன் மீட்டர் 3,700இலேயே கிடைக்கிறது. ஈரத்தில் இரண்டாம் கியரைவிட மூன்றாம் கியர் பாதுகாப்பு.

ரிம் அளவும் கணக்கில் வரும். இரண்டாம் தலைமுறையின் 17 அங்குலத்தில் வந்தது மிஷ்லின் பிரைமசி, 18 அங்குலத்தில் பைலட் ஸ்போர்ட் 4. ஒரு காரில் ஒன்றும் மற்றதில் மற்றதும் இருந்தால், ஸ்பிரிங்கின் வித்தியாசத்தைவிட டயரின் வித்தியாசமே பெரிதாகக் கேட்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே இங்கே ஓடும் முதல் தலைமுறை இசட்என்6 (86), இசட்சி6 (பிஆர்இசட்) கார்களின் ரப்பர் எல்லாம் வயதானவை. கீழ் ஆர்ம் புஷ் வெடித்த 86உம், நல்ல புஷ் உள்ள பிஆர்இசட்டும் ஒப்பீடே அல்ல. புஷ் மாற்றும்போது கராஜில் நின்று ஒன்றை உறுதிசெய்யுங்கள்: ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது கார் தன் சொந்தப் பாரத்தில், சக்கரம் தரையில் இருக்கும் உயரத்தில் நிற்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சில மாதங்களில் கிழியும். விறைப்பும் பிழையாகத் தெரியும்.

பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய ஷொக் வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள், ஸ்பிரிங்கோடு எந்தக் காரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். 86இன் ஸ்ட்ரட் பிஆர்இசட்டில் அப்படியே பொருந்தும்; அதுதான் சிக்கல். முன்னால் ஒன்றின் ஸ்பிரிங், பின்னால் மற்றதன் ஸ்பிரிங் என்று கலந்த கார் எந்தக் கம்பெனியின் கணக்குக்கும் அடங்காது. ஜப்பான் ஏலத் தாளில் மாடலின் தரத்தையும் (கிரேட்) பாருங்கள்: முதல் தலைமுறை 86இல் ஜிடி, ஜிடி லிமிடெட்டுக்கு டோர்சன் எல்எஸ்டி (ஒரு பின் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்) உண்டு, 16 அங்குல ரிம்மோடு வரும் ஜி தரத்தை அப்படி நம்பி வாங்க முடியாது. பின் சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கும் பழைய சோதனை டோர்சனுக்கு உதவாது, பாரம் இல்லாதபோது அது சாதாரண டிஃபரென்ஷியல் போலவே சுழலும்.

காரைத் தாழ்த்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஸ்ட்ரட் முன்பக்கத்தைத் தாழ்த்தும்போது கீழ் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து, ரோல் சென்டர் (கார் பக்கவாட்டில் சாயும்போது சுழலும் மையம்) காரின் பாரமையத்தைவிட அதிகமாகக் கீழே போகும். கார் குறையச் சாய்வதற்குப் பதில் அதிகம் சாயப் பார்க்கும். கொழும்பின் ஸ்பீட் பிரேக்கரில் பம்ப் ஸ்டொப் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) அடிக்கும். பின்னால் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) கூடும், அதைத் திருத்தக் கம்பெனி வழி எதுவும் வைக்கவில்லை; தனியாக ஆர்ம் வாங்க வேண்டும். அந்தப் பணத்துக்கு முன்னால் கேம்பர் போல்ட் போட்டு, முன் கேம்பர் மைனஸ் 1.2 பாகை, முன் டோ பூச்சியம், பின் டோ சற்றே உள்ளே என்று, ஓட்டுநரின் எடையை சீட்டில் வைத்து எலைன்மென்ட் செய்தால் இரண்டு கார்களிலுமே அண்டர்ஸ்டியர் (மூக்கு வெளியே தள்ளுவது) குறையும், இடது முன் டயரின் வெளி ஓரமும் தப்பும்.

திரும்பி வந்ததும் டயரின் முகத்தில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே கையை ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறுதிசையில் இறகு போல் சொரசொரப்பு என்றால் டோ பிழைத்திருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர்.