செசிலியும் சொட்டு மருந்தும்

நவம்பர் 8
அம்மா கண்ணுக்கு இரவு 10 மணிச் சொட்டை மறந்து 11க்கு விட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 9
தேடியிருக்கவே கூடாது. செசிலியா என்ற பெயர் லத்தீனில் ‘கைக்குஸ்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. கைக்குஸ் என்றால் குருடு. அறுபத்தெட்டு வருஷமாக அம்மாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தாத்தாவுக்குத் தெரிந்திருக்காது, சரி, ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்குமா?

நவம்பர் 11
ரோமில் அது ஒரு பெண்ணுக்கென்று யோசித்து வைத்த பெயரே இல்லை. கைக்கிலியுஸ் என்பது குலப்பெயர், அந்தக் குலத்துப் பெண்களெல்லாம் கைக்கிலியாதான், அக்கா தங்கை நாலு பேர் இருந்தாலும் நாலு பேருக்கும் அதே. ஆப்பியா சாலையில் கைக்கிலியா மெத்தெல்லா என்று ஒருத்தியின் கல்லறை கோட்டை மாதிரி நிற்கிறது. கல்வெட்டில் இன்னாரின் மகள், கிராஸ்ஸுஸின் மனைவி, அவ்வளவுதான். அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் க/பெ போட்டு அப்பா பெயர்.

நவம்பர் 12
அம்மாவின் கண் பிரஷர் 34.

நவம்பர் 14
அந்தக் குலத்தார் தங்கள் மூதாதை என்று சொல்லிக்கொண்ட கைக்குலுஸ், நெருப்புத் தெய்வம் வுல்கானின் பிள்ளையாம், பிரைநெஸ்தே என்ற ஊரை உண்டாக்கியவனாம். நெருப்புக்குப் பக்கத்தில் கிடந்த குழந்தையைப் பெண்கள் எடுத்திருக்கிறார்கள். புகை பட்டுக் கண் சிறுத்திருந்ததால் அந்தப் பெயர். புகை! சவுக்கு விறகு, ஊதுகுழல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா, இருபது வருஷம் அப்படித்தான். டாக்டரிடம் கேட்டேன். ‘புகையெல்லாம் இல்லம்மா, இது குடும்பத்துல வர்றது, உங்க கண்ணையும் காட்டிருங்க’ என்றார். இன்னும் காட்டவில்லை.

நவம்பர் 17
13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தெ வொராஜினே புனிதர்களின் கதைகளைத் தொகுத்தபோது இந்தப் பெயரை இஷ்டத்துக்குப் பிரித்திருக்கிறார். வானத்து லில்லி, அப்புறம் குருடருக்கு வழி. மொழி நூல்காரர்கள் ஒப்பமாட்டார்கள். அம்மாவுக்கு இதை மட்டும் சொல்லலாம்.

நவம்பர் 19
சொன்னேன். ‘குருடுன்னு சிஸ்டர் அஞ்சாங்கிளாஸ்லயே சொல்லிட்டாங்களே’ என்றாள். இத்தனை வருஷம் வாயே திறக்கவில்லை.

நவம்பர் 21
தூக்கமில்லை. ரோமில் திராஸ்தெவெரே கோவிலில் ஸ்தெஃபானோ மதெர்னோ 1600 வாக்கில் செதுக்கிய, வேதசாட்சி செசிலியம்மாள் சிலையின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருக்களித்துக் கிடக்கிறாள், கழுத்தில் வெட்டு, தலையில் சுற்றிய துணி, முகம் அந்தப் பக்கம். 1599இல் கல்லறையைத் திறந்தபோது கிடந்தபடியே செதுக்கினாராம். கண் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து எடுத்த படத்திலும் தெரியவில்லை.

நவம்பர் 22
செசிலியம்மாள் திருநாளன்றுதானா தேதி கிடைக்க வேண்டும். வலது கண். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன். 9.40க்கு உள்ளே கூட்டிப்போனார்கள். கல்யாணத்தில் வாத்தியங்கள் முழங்க, அவள் மனசுக்குள் கடவுளிடம் பாடினாள் என்றுதான் பழைய கதை. அந்த ‘மனசுக்குள்’ளை விட்டுவிட்டு ஓவியர்கள் ஆளாளுக்கு அவள் கையில் ஒரு ஆர்கனைக் கொடுத்துவிட்டார்கள், இசைக்குப் பாதுகாவலியும் ஆகிவிட்டாள். அம்மா பாடி நான் கேட்டதில்லை. 11 ஆகிறது. ‘செசிலியா கூட வந்தவங்க யாரு?’