புதுமைக்குப் பத்து மார்க்

"நெறைய கேட்டுத்தானே மேடம் இப்படிப் பாடினேன்"னு நான் ஜட்ஜா போன ஒரு கர்நாடக சங்கீதப் போட்டில பாடின பொண்ணு சொன்னது மூணு வருஷமா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு.

ஸ்ருதி, லயம், பாடாந்தரம் (குருகிட்ட கத்துக்கிட்ட பாட்டு முறை), மனோதர்மம் (சொந்தக் கற்பனைல பாடறது)னு வழக்கமா இருக்கறதோட அந்த வருஷம் மார்க் ஷீட்ல 'புதுமை'ன்னு பத்து மார்க்குக்கு ஒரு கட்டம் சேர்த்திருந்தாங்க. அவ தோடி ராகம் எடுத்தா. காந்தார ஸ்வரத்த அவசரமே இல்லாம ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல அசைச்சு அசைச்சு, பஞ்சமத்த தொடாமலே ரொம்ப நேரம் சுத்தி வந்துட்டு கடைசில அந்தப் பஞ்சமத்துல வந்து உக்காந்தா பாருங்க, பேனாவ கீழ வெச்சுட்டேன். ஆனா அதுல நான் ஏற்கெனவே கேக்காத பிடி, அதாவது ராகத்தோட ஸ்வரக் கோர்வை, ஒண்ணுகூட இல்ல. மூணு போட்டேன். அடுத்து வந்த பையன் கல்யாணி ராகத்துல நிஷாதத்த ஷட்ஜமா வெச்சு கிரஹபேதம் பண்ணி, அதாவது ஆதார ஸ்வரத்த மாத்தி வேற ராகமா கேக்க வெச்சு, அதே தோடிய ஒரு நிமிஷம் காட்டிட்டு திரும்பி வந்தான், ஹாலே கைதட்டுச்சு, நான் எட்டு போட்டேன். கூட்டிப் பாத்தா என் ஷீட்ல ரெண்டு பேருக்கும் வித்தியாசம் நாலே மார்க்.

முடிஞ்சதும் அவளே வந்து கேட்டா, "புதுசா பாடணும்னா எப்படி ப்ராக்டிஸ் பண்ணணும் மேடம்?" நான் "நெறைய கேளும்மா"ன்னேன். அதுக்குத்தான் அந்த பதில். எதுத்துப் பேசல, நெஜமாவே புரியாமதான் கேட்டா.

நான் பண்ணது தப்புன்னும் சொல்ல முடியல. கட்டம் இருக்கு, நிரப்பித்தான் ஆகணும். புதுசுக்கு மதிப்பே குடுக்கலன்னா எல்லாரும் ரெக்கார்டிங்க அப்படியே ஒப்பிச்சுட்டு போயிடுவாங்க. இன்னிக்கு நாம சம்பிரதாயம்னு சொல்ற கச்சேரி முறையே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஒழுங்குபடுத்தினதுதானே, பாலமுரளிகிருஷ்ணா நாலே ஸ்வரத்துல மகதின்னு ஒரு ராகம் பாடலையா, அதெல்லாம் வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல.

ஆனா கிரஹபேதம் மட்டும் என்ன நேத்து வந்ததா? அடுத்த மாசம் வேற ஒரு எடத்துல அதே பையன் அதே கல்யாணிய பாடினான், அதே எடத்துல நிஷாதத்துக்குப் போனான், அதே எடத்துல திரும்பினான், மூச்சு வாங்கற எடம்கூட மாறல. உக்காந்து மனப்பாடம் பண்ணிருக்கான், அது குத்தம் இல்ல, நாங்களும் அப்படித்தான் கத்துக்கிட்டோம். அப்போ நான் எட்டு போட்டது எதுக்கு? அன்னிக்கு எனக்கு தூக்கிவாரிப் போட்டதுக்கா? அவ பஞ்சமத்துக்கு வந்தப்போ பேனாவ கீழ வெச்சேனே, அதுக்கு அந்த ஷீட்ல எங்க எடம் இருந்துச்சு? முப்பது வருஷமா தோடி கேட்ட காதுக்கு அது பழசு, சரி, அவளுக்கு? அந்த வயசுல அந்தப் பஞ்சமத்துக்கு அவ வந்து சேர்ந்தது அவளுக்குப் புதுசுதானே. இல்ல, கேக்கறவங்களுக்குத்தான் மார்க்கா? இதுல ஒரு நாள் ஒரு பக்கம் தோணுது, மறுநாள் இன்னொரு பக்கம் தோணுது.

போன வாரம் என் க்ளாஸ்ல ஒரு பொண்ணு, "டீச்சர், போட்டிக்கு வேணும், கல்யாணில கிரஹபேதம் சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டா. எந்த எடத்துல போகணும், எங்க திரும்பணும்னு நோட்டுல எழுதியே குடுத்தேன்.